லக்சுரி வாட்ச்சில் கீறல்: தேய்த்தால் போகுமா, தேய்க்கவே கூடாதா?

ஆசை ஆசையாகப் பணம் சேர்த்து வாங்கிய வாட்ச். கட்டிய மூன்றாவது நாளே அலுவலக மேஜை விளிம்பில் லேசாக உரசிவிடுகிறது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், கண்ணாடி போலப் பளபளத்த எஃகின் மேல் மெல்லிய கோடு ஒன்று. யாருக்கும் தெரியாது, ஆனால், கட்டியிருப்பவரின் கண் அங்கேதான் போய் நிற்கும்.

உடனே கை எதையாவது தேடும். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா? தெருமுனைக் கடையில் கொடுத்துப் பாலிஷ் போட்டுவிடலாமா? அப்பா விட்டுச்சென்ற பழைய வாட்ச்சாக இருந்தால், “கல்யாணத்துக்குக் கட்டணும், புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்க” என்று சொல்லத் தோன்றும். இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கீறல் விழுந்த வாட்ச்சை எப்போது வேண்டுமானாலும் பாலிஷ் செய்துகொள்ளலாம். பாலிஷில் தேய்ந்துபோன உலோகத்தைத் திரும்பக் கொண்டுவருவதுதான் கஷ்டம்.

எஃகில் இவ்வளவு எளிதாகக் கீறல் விழுமா?

விழும். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்ற பெயரிலேயே பதில் இருக்கிறது. அது துருப்பிடிக்காத எஃகு. கீறல் விழாத எஃகு அல்ல. பெரும்பாலான உயர்ரக வாட்ச்களில் இருப்பது ‘316எல்’ என்ற ரகம். ரோலெக்ஸ் நிறுவனம் ‘904எல்’ வகை எஃகைப் பயன்படுத்துகிறது. அதற்கு ‘ஆய்ஸ்டர்ஸ்டீல்’ என்று பெயரும் வைத்திருக்கிறது. அரிப்பைத் தாங்குவதில் அது ஒரு படி மேல் என்றாலும், கீறல் விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பொருட்களின் கடினத்தன்மையை அளக்கும் ‘விக்கர்ஸ்’ அளவுகோலில் இந்த எஃகு சுமார் 150 முதல் 200 வரைதான். சாதாரண மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 1,000-ஐத் தாண்டும். வாட்ச்சின் மேல் இருக்கும் சஃபையர் கண்ணாடி சுமார் 2,000. அதனால்தான் கண்ணாடி புதுசு போலவே இருக்க, அதைச் சுற்றியுள்ள எஃகில் மட்டும் கோடு கோடாக விழுகிறது.

காற்றில் பறக்கும் தூசியிலும் நுண்ணிய மணல் துகள்கள் உண்டு. தூசி படிந்த வாட்ச்சைச் சட்டை நுனியால் ‘சும்மா துடைத்தாலே’ தலைமுடி போன்ற மெல்லிய கீறல்கள் விழுவதற்கு அதுவே காரணம். கிரானைட் மேடையும் அப்படித்தான். அந்தக் கல்லிலேயே குவார்ட்ஸ் கலந்திருக்கிறது.

பளபளப்பு ஒன்று, மேட் ஒன்று

வாட்ச்சைக் கையில் எடுத்துக் கவனித்தால், எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்காது. சில பகுதிகள் முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்னும். இது ‘மிரர் பாலிஷ்’. சில பகுதிகளில் ஒரே திசையில் மெல்லிய வரிகள் ஓடும், பளபளப்பு அடங்கியிருக்கும். இது ‘பிரஷ்டு’ அல்லது ‘சாட்டின்’ ஃபினிஷ்.

இந்த இரண்டும் சந்திக்கும் கூர்மையான விளிம்புதான் விலை உயர்ந்த வாட்ச்சின் அழகு. ஜெரால்ட் ஜென்டா வடிவமைத்து 1972-ல் வெளிவந்த ஆடெமார் பிகே ‘ராயல் ஓக்’ வாட்ச்சை எடுத்துக்கொள்ளலாம். எண்கோண வளையத்தின் மேற்பரப்பு மேட்டாக இருக்கும். ஓரச் சரிவு மட்டும் பளபளக்கும். ஒமேகா ‘ஸ்பீட்மாஸ்டர் மூன்வாட்ச்’சில் ஸ்ட்ராப் மாட்டும் ‘லக்’ எனப்படும் காதுகள் முறுக்கிவிட்டது போல வளைந்து இறங்கும். அந்த வளைவில் பளபளப்பும் மேட்டும் ஒரு கோட்டில் பிரியும். ஜப்பானின் கிராண்ட் செய்கோ, பிம்பம் நெளியாமல் தெரிகிற அளவுக்குத் தட்டையான பளபளப்பைக் கொண்டுவர ‘சரட்சு’ என்ற பாலிஷ் முறையைக் கையாள்கிறது. அதற்கென்றே பயிற்சி பெற்ற கைகள் செய்கிற வேலை அது.

அனுபவமில்லாதவர் இதை பஃபிங் மெஷினில் வைத்தால், முதலில் காணாமல் போவது அந்த விளிம்புக் கோடுதான்.

பாலிஷ் செய்யும்போது என்ன நடக்கிறது?

கீறல் என்பது ஒரு சின்னப் பள்ளம். பாலிஷ் அந்தப் பள்ளத்தை நிரப்புவதில்லை. பள்ளத்தின் அடிமட்டத்துக்குச் சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்து இறக்குகிறது. கீறல் எவ்வளவு ஆழமோ, அந்த அளவுக்குச் சுற்றியுள்ள உலோகம் போகும்.

ஒருமுறை செய்தால் கண்ணுக்குத் தெரியாது. திரும்பத் திரும்பச் செய்தால் காதுகள் மெலியும், விளிம்புகள் சோப்புக்கட்டி போல மழுங்கும். பொறித்த எழுத்துகள் மங்கும். வாட்ச் பளபளக்கும், ஆனால் அதன் உருவம் மாறியிருக்கும்.

பழைய வாட்ச் சேகரிப்பவர்கள் ‘பாலிஷ் படாத’ வாட்ச்சுக்குக் கூடுதல் விலை கொடுப்பது இதனால்தான். ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் ‘டேடோனா’ 2017-ல் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்கும் அதிகமாக விலைபோனது. அது தங்க வாட்ச் அல்ல, எஃகு வாட்ச். கார் பந்தயப் பிரியரான கணவருக்கு ‘கவனமாக ஓட்டு’ என்ற பொருளில் மனைவி பின்மூடியில் பொறித்துத் தந்த வாசகமும் அதில் இருந்தது. அந்த எழுத்தைத் தேய்த்து மூடியை மட்டும் பளபளப்பாக்கியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் கழுவிப் பாருங்கள். கீறல் என்று நினைப்பதில் பாதி, வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த கோடாக இருக்கலாம். தண்ணீர் புகாத வாட்ச்தானா என்பதை உறுதிசெய்து, சாவி கொடுக்கும் திருகை நன்றாக மூடிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவலாம். தோல் ஸ்ட்ராப் என்றால் கழற்றிவிட வேண்டும். பழைய வாட்ச் என்றாலோ, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாவிட்டாலோ, தண்ணீரே வேண்டாம், ஈரத்துணி போதும்.

அடுத்து நகச் சோதனை. கீறலுக்குக் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக ஓட்டினால், நகம் தட்டுகிறதா? தட்டினால் அது ஆழமான கீறல். வீட்டு வைத்தியம் வேலைக்கு ஆகாது. தட்டாமல், வெளிச்சத்தில் மட்டும் சிலந்தி வலை போலத் தெரிந்தால், அது மேலோட்டமான கீறல்.

மேலோட்டமான கீறலுக்கு, மிரர் பாலிஷ் பகுதியில் மட்டும், பாலிஷ் மருந்து ஊறிய துணியைப் பயன்படுத்தலாம். ‘கேப் காட்’ துணி பலருக்கும் தெரிந்த ஒன்று. செய்யும் முறை:

• பக்கத்தில் இருக்கும் மேட் பகுதியையும் கண்ணாடியையும் மாஸ்கிங் டேப் ஒட்டி மறைக்க வேண்டும். இந்தப் படியைத் தவறவிட்டால் மேட் பகுதியும் பளபளத்து, அசிங்கமாகத் தெரியும்.

• துணியில் சின்னத் துண்டை வெட்டி, அழுத்தாமல் ஒரு நிமிடம் தேய்த்தால் போதும். துணி கறுப்பாகும். அது அழுக்கு மட்டுமல்ல, தேய்ந்து வந்த உலோகமும்தான்.

• சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, அதோடு நிறுத்திவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம்’ என்ற ஆசைதான் ஆபத்து.

முதல் முயற்சியைச் செயினின் பூட்டில் செய்வது நல்லது. அதிகம் கீறல் விழும் இடமும் அதுதான். கைதவறிப் போனால், மாற்றிக்கொள்ளக்கூடிய பாகமும் அதுதான்.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்

வெள்ளிக் குத்துவிளக்குக்கு விபூதி, டம்ளருக்குக் கம்பி நார் என்று பழகிய கை, வாட்ச்சிலும் அதையே செய்யத் துடிக்கும். பாத்திரம் தேய்க்கும் பவுடர், கம்பி நார், உப்புத்தாள் எல்லாமே ஒரு கீறலை நூறு கீறலாக்கும். டூத்பேஸ்ட்டிலும் பல்லைத் தேய்க்கும் துகள்கள் உண்டு. அவை எஃகில் சீரில்லாத மங்கலை விட்டுச்செல்லும். ப்ளீச்சிங் திரவம் இன்னும் மோசம். அதிலுள்ள குளோரின் சேர்மம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் புள்ளி புள்ளியாக அரிப்பை உண்டாக்கும்.

கறுப்பு நிற ‘பிவிடி’, ‘டிஎல்சி’ பூச்சு உள்ள வாட்ச்களிலும் தங்க முலாம் பூசியவற்றிலும் பாலிஷ் துணியே படக்கூடாது. கீறல் போகாது, பூச்சுதான் போகும்.

சர்வீஸுக்குக் கொடுத்தால்?

முறையான பட்டறையில் முதல் வேலை, வாட்ச்சின் இயந்திரத்தை வெளியே எடுப்பது. கேஸையும் செயினையும் தனியாகப் பிரித்து, அல்ட்ராசோனிக் தொட்டியில் அழுக்கு நீக்கி, கீறலுக்கு ஏற்ற சக்கரத்தில் படிப்படியாகப் பாலிஷ் செய்வார்கள். மேட் பகுதிக்கு மறுபடியும் வரி போடுவார்கள். பிறகு ரப்பர் வாஷர்களை மாற்றி, தண்ணீர் புகுகிறதா என்று அழுத்தச் சோதனை செய்வார்கள். ஆழமான பள்ளங்களுக்கு இப்போது லேசர் வெல்டிங் வந்துவிட்டது. சுற்றிலும் தேய்ப்பதற்குப் பதில், பள்ளத்தில் உலோகத்தை நிரப்பி மட்டமாக்கும் முறை இது. செலவு அதிகம், செய்யத் தெரிந்தவர்களும் குறைவு.

கவனிக்க வேண்டிய ஒன்று: முழு சர்வீஸ் என்றால் பாலிஷும் அதில் அடக்கம் என்பது பல இடங்களில் வழக்கம். வேண்டாம் என்றால் நாம்தான் சொல்ல வேண்டும். வாட்ச்சைக் கொடுக்கும் முன் இவற்றைக் கேட்டுவிடலாம்:

• பாலிஷ் வேண்டாம் என்று ரசீதிலேயே எழுதித் தருவீர்களா?

• இயந்திரத்தை வெளியே எடுத்துவிட்டுத்தான் பாலிஷ் போடுவீர்களா?

• மேட் பகுதியை மறுபடி மேட்டாகவே தருவீர்களா? இதற்கு முன் செய்த வேலையைக் காட்ட முடியுமா?

• மாற்றும் பழைய பாகங்களைத் திருப்பித் தருவீர்களா?

• வெளியில் பாலிஷ் செய்தால் கம்பெனி வாரன்டி பாதிக்குமா? (இதை வாங்கிய கடையில் கேட்க வேண்டும்.)

கொடுக்கும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது.

கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள...

காப்பு, பிரேஸ்லெட் போட்ட கையில் வாட்ச்சைக் கட்டாமல் இருந்தாலே பாதிக் கீறல் குறையும். செயின் தளர்வாக இருந்தால் வாட்ச் சுழன்று எங்காவது இடிக்கும். அளவைச் சரிசெய்ய வேண்டும். லேப்டாப்பில் தட்டச்சு செய்யும்போது கழற்றி வைக்கலாம். வைக்கும்போது சாவிக்கொத்து கிடக்கும் டிராயரில் போடாமல், துணிப்பையில் தனியாக வைக்க வேண்டும்.

இவ்வளவு பார்த்துக்கொண்டாலும் கட்டுகிற வாட்ச்சில் கீறல் விழத்தான் செய்யும். தினமும் கட்டும் வாட்ச்சுக்கு அவசரம் எதுவும் இல்லை. அடுத்த முழு சர்வீஸ் வரும்போது, தேவைப்பட்டால் ஒரே ஒருமுறை, தெரிந்த கையில் பாலிஷுக்குக் கொடுக்கலாம். அப்பாவின் வாட்ச் என்றால் இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்தக் கோடுகள் அவர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபோதும், கடையில் கணக்கு எழுதியபோதும் விழுந்தவையாக இருக்கலாம். கல்யாணத்துக்குப் புதுசு போலத் தெரிய வேண்டுமா, அப்பாவின் வாட்ச் போலத் தெரிய வேண்டுமா என்பதை, கடைக்காரரிடம் கொடுக்கும் முன்பே வீட்டில் பேசி முடிவுசெய்துகொள்வது நல்லது.