சான்றிதழ் வந்தாச்சு... கோயில் எது?

பீங்கானுக்குப் பெயர்போன விருத்தாசலத்தை அடுத்த நல்லூரில், பெண்ணை என்ன படிக்க வைக்கலாம் என்று பேச்சு வந்தால் நர்ஸிங், பி.எட். என்றுதான் போகும். அர்ச்சகர் படிப்பு யார் வாயிலும் வராது.

ஆனால், அதே கடலூர் மாவட்டத்தின் ரம்யாவும் கிருஷ்ணவேணியும் அதைத்தான் படித்தார்கள். திருவாரூர் ரஞ்சிதாவோடு சேர்த்து மூன்று பேர். ஸ்ரீரங்கம் பயிற்சிப் பள்ளியில் ஓராண்டு பாஞ்சராத்ர ஆகமம் கற்று, 2023 செப்டம்பரில் சான்றிதழ் வாங்கினார்கள்.

இந்து சமய அறநிலையத்துறை இப்படி 6 பள்ளிகளை 2007-ல் தொடங்கியது. எந்தச் சாதியினரும் சேரலாம். தங்குமிடம், சாப்பாடு இலவசம். மாதாமாதம் ஊக்கத்தொகையும் உண்டு. முதல் அணியில் 200-க்கும் மேற்பட்டோர் 2008-ல் முடித்தார்கள்.

முடித்து என்ன? வழக்கு! 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகும் காத்திருப்பு ஓயவில்லை. 2021 ஆகஸ்ட் 14 அன்றுதான் பயிற்சி முடித்த 24 பேருக்கு மொத்தமாகப் பணி ஆணை கிடைத்தது. 20 வயதில் படித்து முடித்தவருக்கு அப்போது 33. கல்யாணம், குழந்தை, குடும்பச் செலவு எல்லாம் அதற்குள் வந்திருக்காதா?

அந்த மூன்று பெண்களுக்கும், சான்றிதழுக்குப் பிறகு கோயிலில் மூத்த அர்ச்சகரிடம் இன்னும் ஓராண்டுப் பயிற்சி என்று சொல்லப்பட்டது. அதற்கப்புறம் எந்தக் கோயில், எந்தச் சந்நிதி என்பது சான்றிதழில் இல்லை.