'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்': வேலை தேடுபவரின் பிம்பம் குறித்துச் சில குறிப்புகள்

நேர்முகத் தேர்வின் முதல் கேள்வியைக் கேள்வி என்று சொல்வதே தவறு. அது ஒரு கட்டளை: 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்.' ஒரு கலை அறிவியல் கல்லூரியின் வேலைவாய்ப்பு வழிகாட்டி மையத்துக்குச் சில ஆண்டுகள் பொறுப்பாக இருந்தவன் என்ற முறையில், இந்தக் கட்டளைக்கு எப்படிக் கீழ்ப்படிவது என்று நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். படிப்பு, செய்த புராஜெக்ட், தெரிந்த மென்பொருள், அவ்வளவுதான், ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிச்சிடு. அப்பா என்ன செய்கிறார், ஊர் எது என்பதெல்லாம் வேண்டாம். ஒரு பெண் கேட்டாள்: "ஏன் சார் ஊரைச் சொல்லக் கூடாது?" "டைம் வேஸ்ட்மா" என்றேன். அது பொய். ஏன் சொல்லக்கூடாது என்று எனக்கும் தெரியும், கேட்ட பெண்ணுக்கும் தெரியும். வகுப்பில் இருந்த அறுபது பேருக்கும் தெரிந்திருக்கும்.

அந்தப் பொய்யை விளக்கும் முயற்சிதான் இந்தக் கட்டுரை.

என் தலைமுறைக்கு வேலை தேடுவது என்றால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வரிசை. பதிவு அட்டை, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல், சீனியாரிட்டி, சாதிச் சான்றிதழ். அந்த வரிசையில் நிற்பவன் எப்படிச் சிரிக்கிறான், எப்படி உச்சரிக்கிறான் என்பது யாருக்கும் பொருட்டில்லை. (ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் எங்களை நிமிர்ந்தே பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.) அங்கே சாதி தாளில் இருந்தது, முத்திரையோடு, ஓர் உரிமைக்கான சான்றாக இருந்தது. தனியார் துறையில் அப்படி இல்லை. அரசு வேலைகளுக்கான இடஒதுக்கீட்டுக்கு வழிசெய்யும் அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு அங்கே எட்டாது. 'எங்களுக்குத் திறமை மட்டும்தான் கணக்கு' என்பது அந்தத் துறையின் பிரகடனம். ஆனால் தாளிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டதால் மட்டும் ஒன்று இல்லாமல் போய்விடுவதில்லை. அது வேறு இடங்களில் வாசிக்கப்படத் தொடங்குகிறது. பெயரில், உச்சரிப்பில், சட்டையில், வீடியோவில் பின்னால் தெரிகிற சுவரில். இந்த வாசிப்புக்கு இன்று வழங்குகிற கௌரவமான பெயர்களில் ஒன்று 'புரொஃபஷனல்'. என் வாதம் இதுதான்.

இது வெறும் கோபத்தில் சொல்வதல்ல. சுக்தேவ் தோரட், பால் அட்டிவெல் ஆகிய இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். ஒரே தகுதி, ஒரே படிப்பு. பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துவின் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை 1 என்று வைத்துக்கொண்டால் தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. ஆளை யாரும் பார்க்கவில்லை, குரலை யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் காதரின் நியூமனும் மனிதவள மேலாளர்களிடம் பேசி எழுதிய கட்டுரை இதன் மறுபக்கம். சாதி பார்ப்பதில்லை என்று உறுதியாகச் சொன்ன மேலாளர்களே, தேர்வில் 'குடும்பப் பின்னணி'யைக் கேட்பது அவசியம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நல்ல குடும்பத்திலிருந்து வந்தால்தான் ஒழுங்கு இருக்குமாம்.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு கொஞ்சம் சிக்கலாகிறது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டையொட்டிச் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டியெறிந்த ஒரு மரபு நமக்கு இருக்கிறது. நமது பெயரின் முன்னால் இருப்பது அப்பாவின் பெயரின் முதலெழுத்து. இன்று வேலை தேடும் தளங்கள் பலவற்றில் கணக்குத் தொடங்கும்போது 'லாஸ்ட் நேம்' கட்டம் காலியாக இருந்தால் அது நகர விடாது. நம் பிள்ளைகள் அங்கே அப்பாவின் முழுப்பெயரைப் போடுகிறார்கள்; அல்லது 'எம்' என்று ஒற்றை எழுத்தைப் போட்டு, அலுவலகத்தில் 'மிஸ்டர் எம்' ஆகிறார்கள். நூறாண்டுக்கு முந்தைய ஓர் அரசியல் செயல்பாடு ஒரு கணினிப் படிவத்தின் முன்னால் வந்து 'குறைபாடாக' நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பெயரில் கிடைக்காத தகவலை அப்புறம் பேச்சில் தேடுவார்கள். "நேட்டிவ் எது?" "அங்க எந்தப் பக்கம்?" "அப்பா என்ன பண்றார்?" "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" நான்கு கேள்வியும் அன்பாகத்தான் கேட்கப்படும். பெண்களுக்கு ஐந்தாவதாக ஒன்று உண்டு, "கல்யாணம் எப்போ?"

உச்சரிப்புக்கு வருவோம். கால் சென்டர் தேர்வுகளில் 'எம்.டி.ஐ.' என்று ஒரு குறை எழுதப்படும். மதர் டங் இன்ஃப்ளூயன்ஸ், அதாவது தாய்மொழியின் தாக்கம். நோய்க்குறி மாதிரி எழுதுவார்கள்: 'ஹெவி எம்.டி.ஐ.' ஒருவன் பேசுகிற ஆங்கிலத்தில் அவன் அம்மாவின் நாக்கு கேட்கிறது என்பதுதான் குற்றம். எல்லா நாக்கும் யாரோ ஒரு அம்மாவின் நாக்குதான். சென்னையின் சில தெருக்களில், சில கான்வென்டுகளில் உருவான உச்சரிப்பு 'நியூட்ரல்' என்று பெயர் பெற்றுக்கொள்கிறது. தர்மபுரியும் ராமநாதபுரமும் 'தாக்கம்' ஆகிவிடுகின்றன. பியர் பூர்தியு 1979இல் ரசனை பற்றி எழுதிய நூலில் காட்டியது இதைத்தான். ஒரு வர்க்கம் வீட்டிலேயே உழைப்பில்லாமல் பெற்றுக்கொண்ட பழக்கங்கள் பொதுவெளியில் இயல்பான தகுதியாகத் தோற்றமளிக்கின்றன. மற்றவர்கள் அதைப் பயின்று பெற வேண்டியிருக்கிறது, பயின்றது வெளியே தெரிந்தும்விடுகிறது.

எர்விங் கோஃப்மனைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 1956இல் வந்த அவரது நூல் அன்றாட வாழ்வை ஒரு மேடையாகப் பார்க்கிறது. ஷெட்லண்ட் தீவில் ஒரு விடுதியை அவர் கவனித்தார். பரிமாறுகிறவர் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையும்போது ஒருவர், சமையலறைக்குத் திரும்பும்போது வேறொருவர். முன்மேடை, பின்மேடை. சமையலறைதான் அவருக்கு மூச்சு விடுகிற இடம். தோழர்கள் பலர் கோஃப்மனை 'எல்லாம் நடிப்பு' என்று சொன்னவராகச் சுருக்கிவிடுகிறார்கள். அவர் சொன்னதில் முக்கியம் இரண்டு இடங்களுக்கும் நடுவே இருக்கும் கதவு. இன்றைய வேலை தேடலில் உடைந்திருப்பது அந்தக் கதவு.

வீடியோ நேர்காணலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை அறை வீடு. பின்னால் கொடியில் துணி, மூலையில் கேஸ் சிலிண்டர், வெளியே குழாயடிச் சண்டை. தங்கச்சி ஒரு வெள்ளை வேட்டியைப் பின்னால் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிஷம் நின்றாள் என்று ஒரு மாணவன் சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சமையலறையையே மேடையாக்கச் சொல்கிறார்கள். சமையலறை தெரியவும் கூடாது.

இணையத்தில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. லிங்க்ட்இன் 2003இல் தொடங்கியது, 2016இல் மைக்ரோசாஃப்ட் அதை 2620 கோடி டாலருக்கு வாங்கியது. அவ்வளவு விலை எதற்கு? தன்னைப் பற்றிய தகவலைத் தானே தட்டச்சு செய்து, தானே புதுப்பித்து வைக்கிற கோடிக்கணக்கான மனிதர்களுக்கு. வேலை கொடுப்பவர் அங்கே ஆளைத் தேடுவதில்லை, சொல்லைத் தேடுகிறார். 'ஜாவா', 'டேலி', 'பேரோல்' என்று தட்டினால் அந்தச் சொல் இருக்கிறவர்கள் வருவார்கள். பெயருக்குக் கீழே உள்ள ஒற்றை வரியில் 'வாய்ப்புத் தேடும் கடின உழைப்பாளி' என்று எழுதுகிறவன் எந்தத் தேடலிலும் சிக்க மாட்டான். பெரிய நிறுவனங்களில் விண்ணப்பத்தை முதலில் படிப்பது பெரும்பாலும் மென்பொருள். இரண்டு பத்தியாகப் பிரித்து, பெட்டி போட்டு, வண்ணம் தீட்டிய ரெஸ்யூம் அதற்குக் குழம்பும். ஒரே பத்தியில் சாதாரணமாக அடித்தால் போதும். இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. பேருந்து எங்கே நிற்கும் என்று சொல்வது மாதிரி. 2020இல் 'வேலைக்குத் தயார்' என்று புகைப்படத்தைச் சுற்றி ஒரு பச்சை வளையம் போடும் வசதி வந்தது. வேலை இல்லாமல் இருப்பதைக்கூட ஒரு பதக்கம் மாதிரி அணியச் செய்துவிட்டார்கள்.

சங்கடம் தொடங்குவது அடுத்த படியில், 'சுத்தம் செய்வது' என்று நாங்கள் சொல்லும் இடத்தில். நியமனத்துக்கு முன் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். சான்றிதழ், முகவரி, வழக்கு, சில இடங்களில் சமூக ஊடகப் பதிவுகளும். சட்டம் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். ஒருவர் தானே பொதுவெளியில் வைத்த தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. சமூக ஊடகத்தில் தன் கருத்தை எழுதுகிறவரையே அதற்கு உதாரணமாகத் தந்திருக்கிறார்கள். ஆகப் பேசியவன்தான் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறான்.

நம் எழுத்தாளர்களுக்கு இந்தப் பிரச்சினை புதிதல்ல. வங்கியில், தபால் துறையில், வருவாய்த் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்கள் எத்தனை பேர்! அரசு ஊழியர்களுக்குத் தமிழ்நாட்டில் 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் இருக்கின்றன. நமக்குப் புனைபெயர் இருந்தது. பகலில் கோப்பு, ராத்திரியில் கட்டுரை. இருவருக்கும் அறிமுகமே கிடையாது. நானும் இரண்டு புனைபெயர்களில் எழுதியிருக்கிறேன். முந்நூறு பிரதி அச்சாகும் பத்திரிகை மேலதிகாரியின் மேசைக்கு வர வாய்ப்பே இல்லை என்கிற நிம்மதியும் அந்தப் புரட்சிகர எழுத்துக்குள் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த முந்நூறு பிரதியின் இருட்டு கிடைப்பதில்லை. தொலைபேசி எண், கல்லூரிப் பெயர், நண்பர்களின் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்து இயந்திரமே ஆளை அடையாளம் காட்டிவிடுகிறது.

அந்தப் பையன் புதுக்கோட்டைப் பக்கம். கணினிப் பயன்பாட்டில் பட்டம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தபோது, அவன் அங்கே போய், பார்த்ததை எழுதினான். பத்துப் பன்னிரண்டு பதிவுகள், சில புகைப்படங்கள். கோஷம் எதுவும் இல்லாத, தண்ணீர்க் குடங்களை எண்ணிச் சொல்கிற எழுத்து. அடுத்த ஆண்டு ஒரு நிறுவனத்தில் கடைசிச் சுற்றுவரை வந்தான். "சார், அந்தப் போஸ்ட் எல்லாம் இருக்கலாமா?" என்று கேட்டான். எடுத்துடு என்றேன். அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை நான். வேலை கிடைத்தது. பதிவுகள் இருந்திருந்தாலும் கிடைத்திருக்குமோ என்னவோ. இந்த 'என்னவோ'தான் இந்த அமைப்பு இயங்கும் விதம். யாரும் தடைசெய்யவில்லை, யாரும் மிரட்டவில்லை. பார்க்கப்படலாம் என்கிற சாத்தியம் போதுமானதாக இருக்கிறது. ஃபூக்கோ 1975இல் சிறையைப் பற்றி எழுதியதை நாம் மேற்கோள் காட்டி அலுத்துவிட்டோம். காவல் கோபுரத்தில் ஆள் இருக்கிறாரா என்று கைதிக்குத் தெரியாது, ஆகவே தன்னைத்தானே காவல் காக்கிறான். அந்தக் கோபுரத்தில் அன்றைக்கு நின்றது நான்.

இதைச் சொன்னதும் சில நண்பர்கள் "டை கட்டச் சொல்லிக்கொடுக்கிறதே அடிமைத்தனம்தானே" என்பார்கள். இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். அம்பேத்கரின் கோட்டும் சூட்டும் என்ன சொன்னது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். நல்ல உடை உடுத்தக் கூடாது என்று ஊர் தடுத்து வைத்திருந்த ஒரு சமூகத்திலிருந்து வருகிற பையன் இஸ்திரி போட்ட சட்டையை உள்ளே செருகிக்கொண்டு நிற்பதைப் பணிவு என்று வாசிப்பது நமது வாசிப்பின் வறுமை. சட்டையை மாற்றுவதற்கும் நினைவை அழிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்தக் கோட்டை நான் சரியாகப் போடவில்லை என்பதுதான் என் பிரச்சினை.

இப்போது நான் பிள்ளைகளிடம் சொல்வது மாறியிருக்கிறது. ஊரைச் சொல்வதா வேண்டாமா என்பதை நீ முடிவு பண்ணு. ஆனா ஏன் கேக்குறாங்கன்னு தெரிஞ்சு முடிவு பண்ணு. 'அப்பா என்ன பண்றார்' என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிட்டு, 'இந்த வேலைக்கு அது எப்படிச் சம்பந்தப்படுகிறது?' என்று மரியாதையாகத் திருப்பிக் கேட்கலாம். கேட்டுவிட்டு வேலை கிடைத்தவர்களும் உண்டு, கிடைக்காதவர்களும் உண்டு, உத்தரவாதம் இல்லை. உச்சரிப்பை மாற்ற மெனக்கெடாதே, நிறுத்தி நிதானமாகப் பேசு. வேலைக்கு ஒரு கணக்கு, மற்றதற்கு வேறு பெயரில், வேறு எண்ணில் இன்னொரு கணக்கு வைத்துக்கொள். எதையும் அழிப்பதற்கு முன் பிரதி எடுத்து நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவை. கடைசியாகச் சொன்னது மட்டும் நான் அனுபவத்தில் கற்றது.

போன மாதம் அந்தப் பையன் போன் செய்தான். பெங்களூரில் இருக்கிறான், இரண்டாவது நிறுவனம். அவன் பக்கத்தில் நீல நிறச் சட்டை, வெள்ளைச் சுவர், அளவான சிரிப்பு. வேங்கைவயல் பற்றி நண்பர்கள் சிலர் ஒரு தொகுப்பு கொண்டுவருகிறார்களாம், இவன் எழுதியதைக் கேட்டிருக்கிறார்கள். "சார், நான் டெலிட் பண்றதுக்கு முன்னாடி உங்களுக்கு லிங்க் அனுப்பினேன்ல, நீங்க ஏதாவது சேவ் பண்ணி வெச்சிருக்கீங்களா?" என்றான். தேடிப் பார்த்தேன். லிங்க் இருக்கிறது. திறந்தால் ஒன்றும் வரவில்லை.