மிச்சப் பணமும் மேகாலயக் குகைகளும்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களை ஷில்லாங், சிரபுஞ்சி என்று அழைத்துப் போகாத குவாஹாத்தித் தமிழர் நம்மில் உண்டா? அருவி பார்ப்போம், மாவ்ஸ்மாய் குகைக்குள் குனிந்து நுழைந்து வெளியே வருவோம், டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். ஆனால் மேகாலய மலைகளுக்கு அடியில் இதுவரை 400 கி.மீ.க்கு மேல் குகைப்பாதை அளக்கப்பட்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சென்னையில் புறப்பட்டால் திருச்சியைத் தாண்டிவிடும் தூரம் அது!

ரயில்வேயில் பல வருடம் மண்ணுக்கு மேலே சங்கிலி பிடித்து அளந்தவன் நான். ஆகவே மண்ணுக்கு அடியில் அளப்பவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை. ஒருவர் முன்னே போய்ப் புள்ளி குறிப்பார். இன்னொருவர் டேப்பாலோ லேசராலோ தூரத்தையும், காம்பஸால் திசையையும், கிளினோமீட்டரால் சரிவையும் படித்துச் சொல்வார். மூன்றாமவர் நோட்டில் வரைவார். வெளிச்சம் ஹெல்மெட் விளக்கு மட்டுமே. பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர். சுற்றிவந்து புறப்பட்ட புள்ளியையே தொடும்போது கணக்கு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எங்கோ பிழை என்று பொருள். ரயில் பாதை சர்வேயிலும் இதுவே விதி.

இதற்கெல்லாம் பணம் யார் தருகிறார்கள்? இங்கே ஒரு சுவையான கதை உண்டு. ஈரான் நாட்டில் 1971-ல் பிரிட்டிஷ் குழு ஒன்று கார் பராவ் என்ற குகையைக் கண்டுபிடித்தது. உலகிலேயே ஆழமான குகையாக இருக்கலாம் என்ற நம்பிக்கையில் 1972-ல் பெரிய குழுவாகத் திரும்பிப் போனார்கள். 751 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் வழியை அடைத்துவிட்டது. கனவு பலிக்கவில்லை. ஆனால் பயணச் செலவு போக மிஞ்சிய பணத்தை அவர்கள் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. அதை முதலாக வைத்து, பிற நாடுகளுக்குக் குகை ஆராயப் போகும் குழுக்களுக்குச் சிறு உதவித்தொகை தரும் கார் பராவ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் குகை ஆராய்ச்சிச் சங்கமும் குகை அறிவியல் ஆய்வுகளுக்கு இப்படியே சிறு தொகைகள் வழங்குகிறது. இந்தத் தொகை முழுச் செலவுக்கும் போதாது. மீதி அவரவர் கைக்காசுதான்.

நம் பக்கத்து மேகாலயத்தில் உள்ளூர் சாகசச் சங்கத்தாரும் வெளிநாட்டு அன்பர்களும் சேர்ந்து 1992 முதல் அளந்து வருகிறார்கள். இவர்களிலும் பெரும்பாலோர் கைக்காசு போட்டு வந்தவர்களே. அதன் பலன் என்ன? சுமார் 31 கி.மீ. நீளமுள்ள லியாட் பிரா குகை வரைபடத்தில் ஏறியது. 24.5 கி.மீ. நீளமுள்ள பூரி குகை 2018-ல் அளந்து முடிக்கப்பட்டு, உலகிலேயே நீளமான மணற்கல் குகை என்று பெயர் பெற்றது. சிரபுஞ்சி அருகே மாம்லூ குகையில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த ஒரு கல்தூணை ஆராய்ந்ததில், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை பலமிழந்தது தெரிந்தது. அதை வைத்தே 2018-ல் அந்தக் காலம் முதல் இன்றுவரையுள்ள யுகத்துக்கு 'மேகாலய யுகம்' என்று உலகப் புவியியலார் பெயரிட்டார்கள்.

அதே மலைகளில்தான் சுண்ணாம்புக்கல்லும் நிலக்கரியும் தோண்டப்பட்டு வந்துள்ளன. எலிவளைச் சுரங்கங்களுக்கு 2014-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. ஆயினும் ஒன்றை நினைத்துப் பாருங்கள்: வரைபடத்தில் இல்லாத குகை உடைந்து போனால், அப்படி ஒன்று இருந்ததென்று சொல்ல சாட்சி ஏது? இழந்தது என்னவென்றே தெரியாமல் இழந்துவிடுவோம். மலை உச்சி கண்ணுக்குத் தெரியும். குகை, அளந்தால்தான் தெரியும்.

விழாக் கணக்கு முடித்ததும் நம் சங்கத்தில் கொஞ்சம் பணம் மிஞ்சுவது வழக்கம். பெரும்பாலும் அது இன்னொரு விருந்தில் கரைந்துவிடும். அடுத்த பொதுக்குழுவில் நான் ஒன்று கேட்கப் போகிறேன்: புவியியல் படிக்கும் ஓர் ஏழை மாணவருக்கு, அவர் எந்த மொழி பேசினாலும் சரி, ஒரு ஹெல்மெட் விளக்கும் பஸ் கட்டணமும் நாம் தந்தால் என்ன? பிழைக்க வந்த நமக்கு இத்தனை வருடம் இடம் கொடுத்த மண் இது. அதை அளக்க நாமும் ஒரு முழம் கயிறு கொடுப்போமே!