பல் வைத்தியரின் பற்றுச்சீட்டில் ஏறிய கையுறைச் செலவு

வியாபாரப் பக்கத்தில் பல் வைத்தியத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். தனியார் பல் சிகிச்சை நிலையமும் ஒரு தொழில்தான். கட்டட வாடகை, ஊழியர் சம்பளம், கடனுக்கு வாங்கிய கதிரையும் எக்ஸ்ரே இயந்திரமும், மாதா மாதம் தீர்ந்துபோகும் பொருட்கள் என்று எமது கடைகளைப் போலவே அதற்கும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. 2020ஆம் ஆண்டு பரவிய கொவிட்-19 தொற்று அந்தக் கணக்கைப் பல நாடுகளில் தலைகீழாக்கியது. சுத்தத்துக்கான மேலதிகச் செலவை யார் சுமப்பது என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. அதைப் பற்றியே இவ்வாரம் எழுதுகிறேன்.

மற்றைய வைத்தியர்களை விடப் பல் வைத்தியருக்கு ஏன் இவ்வளவு பயம்? பல்லைக் குடையும் கருவி நிமிடத்துக்குச் சுமார் மூன்று இலட்சம் தடவை சுழல்வது. சூடேறாமல் இருப்பதற்காக அதன் நுனியில் தண்ணீர் பீச்சப்படும். அந்தத் தண்ணீர் நோயாளியின் எச்சிலோடு கலந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக அறைக்குள் மிதக்கிறது. நோயாளி முகக்கவசம் அணிந்துகொண்டு வாயைத் திறக்க முடியாது. வைத்தியரின் முகமோ ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது.

எனவே கதவுகள் மூடப்பட்டன. அவசரமற்ற சிகிச்சைகளைப் பிற்போடுமாறு அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கம் 2020 மார்ச் 16ஆம் திகதி கேட்டுக்கொண்டது. இங்கிலாந்தில் மார்ச் 25 முதல் ஜூன் 8 வரை வழமையான பல் சிகிச்சை நிறுத்தப்பட்டது. ஏப்ரல் ஒரு மாதத்தில் மட்டும் அமெரிக்காவின் பல் சிகிச்சை நிலையங்களில் 503,000 தொழில்கள் இல்லாமற் போயின. மே மாதத்தில் அவற்றில் ஏறக்குறைய பாதி திரும்பி வந்தன. ஆனால் பல்வலி யாருக்காகவும் காத்திருப்பதில்லை. இங்கிலாந்தில் தொலைபேசியிலேயே ஆலோசனையும், வலி மாத்திரையும், அன்டிபயோட்டிக்கும் எழுதிக் கொடுத்தார்கள். அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை அங்கு பல் வைத்தியர்கள் எழுதிய அன்டிபயோட்டிக் மருந்துகள் முந்திய ஆண்டின் அதே மாதங்களை விட 25 வீதம் அதிகம்.

கதவைத் திறந்த பின்னர்தான் உண்மையான கணக்கு ஆரம்பமானது. நுண்துளிகள் கிளம்பும் சிகிச்சை முடிந்தால் அவை அடங்கும் வரை ஒரு மணி நேரம் அறையை வெறுமையாக விட வேண்டும் என்பது இங்கிலாந்தின் முதல் விதி. ஒரு உதாரணம் பார்ப்போம். அரை மணிக்கு ஒருவர் வீதம் எட்டு மணி நேரத்தில் 16 பேரைப் பார்த்த வைத்தியர், ஒவ்வொருவருக்குப் பிறகும் ஒரு மணி நேரம் காத்திருந்தால் ஐந்து பேரைத்தான் பார்க்க முடியும். வாடகையும் சம்பளமும் குறையவில்லை. முகக்கவசம், மேலங்கி, கையுறை என்பவற்றின் விலையோ ஏறிவிட்டது. இரண்டு அறை வைத்திருந்தவர்கள் மாறி மாறி வேலை செய்து ஓரளவு தப்பினார்கள். ஒற்றை அறைக்காரர்தான் மாட்டிக்கொண்டார். பின்னர் அவ்வாண்டின் பிற்பகுதியில், அறையின் காற்றோட்டத்தைப் பொறுத்து இந்த நேரம் அரை மணியாகவும் அதற்குக் குறைவாகவும் ஆக்கப்பட்டது. ஜன்னலும் காற்று வெளியேற்றும் விசிறியும் நேரடியாக வருமானமாக மாறிய இடம் இது.

அரச சுகாதார சேவையோடு ஒப்பந்தம் வைத்திருந்த இங்கிலாந்து நிலையங்களுக்கு அரசு கைகொடுத்தது. வழமையான வேலையில் ஒரு பங்கை முடித்தாலே முழு ஒப்பந்தப் பணமும் கிடைத்தது. அந்தப் பங்கு 2021 ஜனவரியில் 45 வீதமாக நிர்ணயிக்கப்பட்டு, படிப்படியாகக் கூட்டப்பட்டு, 2022 ஜூலையில்தான் மீண்டும் 100 வீதமானது. தனியார் நோயாளிகளை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

அமெரிக்காவில் சிலர் வேறு வழியில் போனார்கள். பாதுகாப்பு உடைகளுக்கென்று பற்றுச்சீட்டில் தனியாக ஒரு தொகையைச் சேர்த்தார்கள். நோயாளிகள் முறைப்பாடு செய்தார்கள். காப்புறுதி நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்த வைத்தியர்கள் இப்படி அறவிடாதபடி பார்த்துக்கொள்ளுமாறு நியூயோர்க் மாநில நிதிச் சேவைகள் திணைக்களம் 2020 ஓகஸ்டில் அந்நிறுவனங்களுக்குப் பணித்தது. வைத்தியர்களின் பக்கமும் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஒப்பந்தக் கட்டணம் தொற்றுக்கு முன்னர் பேசப்பட்டது, அதைத் தாமாகக் கூட்டவும் அவர்களால் முடியாது. ஆனாலும் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியதற்குத் தனியாகக் காசு கேட்டால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்? 1980களின் நடுப்பகுதி வரை பல பல் வைத்தியர்கள் வெறுங்கையாலேயே வாய்க்குள் வேலை செய்தார்கள். எயிட்ஸ் பரவிய பின்னர், 1986இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையங்கள் கையுறை அணியுமாறு பரிந்துரை செய்தன. அந்தச் செலவு காலப்போக்கில் சிகிச்சைக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிப்போனது.

இவ்வளவு பயமும் தேவைதானா? சமூகத்தொற்று உள்ள இடங்களில் அவசரமற்ற பல் சிகிச்சையைப் பிற்போடுமாறு உலக சுகாதார ஸ்தாபனம் 2020 ஓகஸ்டில் கூறியபோது, அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கம் அதை வெளிப்படையாக மறுத்தது. அவ்வாண்டு ஜூன் மாதத் தகவலைக் கொண்டு அச்சங்கம் நடத்திய ஆய்வில், அமெரிக்கப் பல் வைத்தியர்களில் ஒரு வீதத்துக்கும் குறைவானவர்களுக்கே தொற்று இருந்ததாகக் கணிக்கப்பட்டது. நுண்துளிகளில் இருக்கும் கிருமிகளில் பெரும்பகுதி எச்சிலில் இருந்தல்ல, கருவி பீச்சும் தண்ணீரில் இருந்தே வருகிறது என்று 2021இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. முகக்கவசம், எச்சிலை வேகமாக உறிஞ்சும் குழாய், காற்றோட்டம், வருமுன் நோய் அறிகுறி விசாரித்தல் ஆகிய சாதாரண ஏற்பாடுகள் நன்றாகவே வேலை செய்திருக்கின்றன.

இந்தக் கதையில் பெரும் இலாபம் கண்டவர்கள் பல் வைத்தியர்கள் அல்லர், அவர்களுக்குப் பொருள் விற்றவர்கள். உலகின் இறப்பர் கையுறைகளில் பாதிக்கும் மேல் அப்போது மலேசிய நிறுவனங்கள் செய்தவை. அவற்றில் மிகப் பெரியதான டொப் குளோவ் 2021 ஓகஸ்டுடன் முடிந்த ஆண்டில் 7 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் தேறிய இலாபம் காட்டியது. விலை ஏறியதைப் பார்த்துப் பலரும் புதிய தொழிற்சாலை கட்டினார்கள், கொள்வனவாளர்களும் தேவைக்கு அதிகமாக வாங்கிக் குவித்தார்கள். பிறகு விலை சரிந்தது. அதே நிறுவனம் 2023 ஓகஸ்டுடன் முடிந்த ஆண்டில் நட்டம் காட்டியது. உச்ச விலையில் கொள்கலன் கணக்கில் இறக்கியவர்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. கையுறைக்கும் காலாவதித் திகதி உண்டு. அக்காலத்துச் சரக்கு யாருடைய களஞ்சியத்திலாவது இன்னும் கிடந்தால், விலை பேசுவதற்கு முன்னர் பெட்டியைத் திருப்பி அந்தத் திகதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.