ஆள் நடக்கும் பாலம்

கொல்கத்தா நகரின் தென்பகுதியில் கரியாஹாட் என்ற பெரிய கடைத்தெரு இருக்கிறது. அதன் அருகே ரவீந்திர சரோபர் என்ற ஏரி உள்ளது. இது தானாக உண்டான ஏரி அல்ல. 1920-களில் வெட்டிய ஏரி. 1958-இல் இதற்குக் கவிஞர் ரவீந்திரநாத் தாகூரின் பெயரைச் சூட்டினார்கள்.

ஏரியைச் சுற்றிப் பூங்கா இருக்கிறது. படகோட்டும் சங்கங்களும் விளையாட்டு அரங்கமும் இருக்கின்றன. ஏரி நடுவே ஒரு தீவு. அதில் ஒரு மசூதி. ஏரி வெட்டும் முன்பே இருந்த மசூதி அது. அங்கே போய்வர 1926-இல் ஒரு தொங்கு பாலம் கட்டினார்கள். மனிதர் நடப்பதற்கான பாலம்.

தொங்கு பாலம் எப்படி நிற்கிறது?

துணி காயப்போடும் கொடியை நினைத்துப் பாருங்கள். ஈரத்துணியின் பாரம் கயிற்றுக்குப் போகிறது. கயிறு இரண்டு கம்பங்களையும் உள்பக்கம் இழுக்கிறது. கம்பம் சாயாமல் இருக்க, வெளிப்பக்கம் கயிறு கட்டி முளை அடிக்கிறோம். தொங்கு பாலமும் இப்படித்தான். கயிற்றுக்குப் பதில் இரும்பு வடம். துணிக்குப் பதில் நாம் நடக்கும் தளம். வடத்தின் நுனிகளைக் கரையில் ஆழமாகப் புதைத்து இறுக்குவார்கள்.

எத்தனை பேரைத் தாங்க வேண்டும்?

பூங்காவில் காலையில் ஒருவர், இருவராக நடப்பார்கள். விளையாட்டு முடிந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். பாலத்தை அந்தக் கூட்டத்துக்காகவே கட்ட வேண்டும். கூட்டம் சேரும் இடத்தில் நடைபாதை ஒரு சதுர மீட்டருக்கு 500 கிலோ தாங்க வேண்டும் என்கிறது இந்தியப் பாலங்களுக்கான விதி. ஒரு சதுர மீட்டர் என்பது மூன்றேகால் அடி நீளம், மூன்றேகால் அடி அகலம். அதில் எட்டுப் பேர் நெருக்கி நிற்பதற்குச் சமம்.

பாரம் மட்டும் போதாது. ஆட்டத்தையும் கணக்கிட வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டனில் ஒரு புதிய நடைபாலத்தைத் திறந்தார்கள். கூட்டம் நடந்தபோது பாலம் பக்கவாட்டில் ஆடியது. ஆட்டத்துக்கு ஏற்ப மக்களும் கால் மாற்றி வைத்தார்கள். ஆட்டம் மேலும் கூடியது. இரண்டே நாளில் பாலத்தை மூடினார்கள். ஆட்டத்தை அடக்கும் கருவிகளைப் பொருத்தி 2002-இல் மீண்டும் திறந்தார்கள்.

குஜராத்தில் மோர்பி என்ற ஊர். அங்கே 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய தொங்கு பாலம் இருந்தது. பழுது பார்த்து 2022 அக்டோபர் 26-இல் திறந்தார்கள். நான்கு நாள் கழித்து மாலையில், கூட்டம் நின்றபோது அது அறுந்து விழுந்தது. 135 பேர் இறந்தார்கள். ஒரு வடத்தில் இருந்த 49 கம்பிகளில் 22 துருப்பிடித்திருந்தன. திறப்பதற்கு முன் பாரம் ஏற்றிச் சோதிக்கவும் இல்லை. விசாரணைக் குழு இதைக் கண்டறிந்தது.

ஒரு பாலத்தைக் கட்டினால் வேலை முடிந்துவிடாது. வடத்தையும் ஆணியையும் பலகையையும் தவறாமல் சோதிக்க வேண்டும். நமக்கும் பங்கு உண்டு. ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று பலகையில் எழுதியிருந்தால் படியுங்கள். படிக்கத் தெரியாதவருக்கும் சொல்லுங்கள். பாலத்தில் குதிக்காதீர்கள். வேண்டுமென்று ஆட்டாதீர்கள். துரு, விரிசல், உடைந்த பலகை கண்ணில் பட்டால், எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதி நகராட்சியில் மனுக் கொடுங்கள். உங்கள் எழுத்து ஓர் உயிரைக் காக்கலாம்.