கடலைச் சுருக்கி வண்டியில் ஏற்றலாமா?

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. புதுக்கோட்டையில் இருந்து திருச்சிக்குப் போகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

பீரோ, கட்டில், பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிடலாம். கூடத்தில் இருக்கும் கடல் மீன் தொட்டியை என்ன செய்வது?

"என்னங்க, இதை எப்படித் தூக்கிட்டுப் போறது?" என்று மனைவி கேட்பார்.

"மீனை விட்டுட்டுப் போகவேண்டாம், அப்பா!" என்று குழந்தை அழும்.

கடல் மீன் வளர்க்கும் வீடுகளில் ஒரு நாள் வரும் கவலை இது. குழந்தைகள் 'நிமோ' என்று அழைக்கும் கோமாளி மீன், நன்றாகக் கவனித்தால் 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். 10 ஆண்டு வீடு மாறாத உத்தியோகஸ்தர் எத்தனை பேர்?

இதற்கு ஒரு வழி உண்டு. வீடு மாறுவதற்கு முன்பே, பெரிய தொட்டியில் இருந்து சின்னத் தொட்டிக்கு மாறிவிடுவதுதான் அந்த வழி.

260 கிலோ தண்ணீர்!

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 255 லிட்டர் கொள்ளும். கடல் நீர் நல்ல நீரைவிடச் சற்றுக் கனமானது. ஆகவே தண்ணீரின் எடை மட்டும் 260 கிலோ!

இப்போது 'எல்லாம் ஒன்றில்' என்ற வகைத் தொட்டிகள் வருகின்றன. 2 அடி நீளம் இருக்கும். சுமார் 100 லிட்டர் கொள்ளும். தொட்டியின் பின்பக்கத்தில் ஒரு தடுப்பு இருக்கும். வடிகட்டி, பம்பு எல்லாம் அந்தத் தடுப்புக்குள் அடங்கிவிடும். விளக்கு மேலே இருக்கும். வெளியே குழாய் எதுவும் தொங்காது.

சின்னது என்றால் சுலபமா?

"தொட்டி சின்னது. வேலையும் குறைவு" என்று நினைக்கிறீர்களா? அதுதான் தவறு!

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. வெயிலில் நீர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது. 4 லிட்டர் வற்றினால், 255 லிட்டர் தொட்டியில் உப்பு 35-ல் இருந்து 35.6 கிராம் ஆகும். 100 லிட்டர் தொட்டியிலோ 36.5 ஆகிவிடும்!

ஆகவே வற்றிய அளவுக்குத் தினமும் நல்ல நீர் ஊற்றவேண்டும். உப்பு நீர் ஊற்றக்கூடாது. ஊற்றினால் உப்பு மேலும் ஏறும்.

சூடும் அப்படித்தான். புதுக்கோட்டை வெயிலைப் பற்றிச் சொல்லவேண்டுமா? சின்னத் தொட்டி சீக்கிரம் சூடாகும். நீரின் மேல் காற்று படும்படி ஒரு சின்ன மின்விசிறி வைத்தால் சூடு தணியும்.

கண்ணுக்குத் தெரியாத காவலர்கள்

மீன் தொட்டியில் விலை மதிப்புள்ளது எது? கண்ணாடியா? பம்பா?

இரண்டும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான்!

மீனின் கழிவில் இருந்து அம்மோனியா என்ற நஞ்சு வருகிறது. வடிகட்டியில் இருக்கும் பீங்கான் வளையங்களில் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவை அந்த நஞ்சை நைட்ரைட் ஆகவும், பிறகு நைட்ரேட் ஆகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் கொடியதுதான். நைட்ரேட்டின் கொடுமை மிகக் குறைவு. இந்தக் காவலர்கள் புதுத் தொட்டியில் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதற்குள் மீனை விட்டால் மீன் செத்து மிதக்கும்.

ஆகவே வீடு மாறும் நாளுக்கு ஒன்றரை மாதம் முன்பே, பழைய வீட்டிலேயே, சின்னத் தொட்டியை ஓடவிடுங்கள். பழைய வடிகட்டியில் இருந்து பாதி வளையங்களை எடுத்து அதில் போடுங்கள். வளையங்களைக் குழாய் நீரில் கழுவாதீர்கள். குளோரின் அந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

பழைய மணலை அப்படியே கொட்டாதீர்கள். அடியில் தங்கிய அழுக்கு நீரில் கலந்துவிடும். புது மணல் போடுங்கள்.

சோதனை மருந்து கடையில் கிடைக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று தெரிந்த பிறகு மீனை மாற்றுங்கள்.

கடல் பக்கத்தில்தானே?

"மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் எல்லாம் நம் மாவட்டம்தானே? அங்கே இருந்து நீர் கொண்டு வரலாமே?" என்று கேட்கலாம்.

பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். கரையோரம் சேறு கலங்கும். மழைக்காலத்தில் உப்பும் குறையும். கடையில் விற்கும் கடல் உப்பை, சுத்திகரித்த நீரில் அளந்து கரைப்பதே நல்லது.

எல்லா மீனும் சின்னத் தொட்டிக்கு வராது. ஒரு ஜோடி கோமாளி மீன் போதும். நீல நிற 'டோரி' மீன் ஓர் அடி வரை வளரும். அதைப் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கடலில் மட்டும் விடாதீர்கள்! 1985-ம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா கரையோரம் ஒரு சிங்க மீன் அகப்பட்டது. அது அந்தக் கடலைச் சேர்ந்தது அல்ல. வளர்த்தவர்கள் விட்டதே காரணம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். இன்று அவை அங்கே பல்கிப் பெருகி, மற்ற மீன்களைத் தின்று தீர்க்கின்றன.

நம் கடலும் காக்கவேண்டிய கடல். 2022-ம் ஆண்டு தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோ மீட்டர் பரப்பை, ஆவுளியா என்னும் கடல் பசுவுக்காகத் தமிழ்நாடு அரசு ஒதுக்கியது. இந்தியாவிலேயே அதுதான் முதல் கடல் பசுப் பாதுகாப்பகம்.

பவளமும் கடல் குதிரையும் வேண்டாம். 2001-ம் ஆண்டு முதல் அவை வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. புது மீன் வாங்கினால், பண்ணையில் பொரித்த மீனாகக் கேட்டு வாங்குங்கள். கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து வளர்க்கும் முறையை, மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் செய்து காட்டியிருக்கிறார்கள்.

புறப்படும் நாள்

முதல் நாளே மீனுக்குத் தீனியை நிறுத்துங்கள். நீர் கெடாது.

தொட்டி நீரை 20 லிட்டர் கேன்களில் பிடியுங்கள். ஐந்து கேன் போதும். மூடியுள்ள வாளியில் அதே நீரை ஊற்றி, மீனை விடுங்கள். பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பைப் போடுங்கள். வளையங்களும் அதே நீரில் நனைந்தே இருக்கவேண்டும். காய்ந்தால் காவலர்கள் மடிவார்கள்.

நீரோடு தொட்டியைத் தூக்காதீர்கள். கண்ணாடி ஒட்டு விட்டுப்போகும்.

புது வீட்டில் முதலில் பால் காய்ச்சுங்கள். அடுத்த வேலை, மீன் தொட்டிதான்! அதே நீர், அதே வளையம், அதே மீன். பம்பு ஓடியதும் மீன்கள் நீந்தத் தொடங்கும்.

லாரியில் இருந்து கட்டில் இறங்குவதற்குள் குழந்தை தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கும்!