கவனக்குறைபாடுள்ள குழந்தைக்கு மருந்து: எப்போது, எவ்வாறு?

வெளிநோயாளர் பிரிவில் இரண்டு வகையான பேச்சுகளை அடிக்கடி கேட்கிறோம். "பையன் படிப்பில் கவனம் செலுத்துவதே இல்லை, மாத்திரை எழுதித் தாருங்கள், டாக்டர்" என்பது ஒன்று. "மூளைக்கான மாத்திரை என்கிறார்கள், பழக்கமாகிவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டோம்" என்பது மற்றொன்று. அவசரம், அச்சம் ஆகிய இரண்டுமே குழந்தைக்கு நன்மை தருவதில்லை.

யாருக்குத் தேவை?

துறுதுறுப்பு குழந்தைப் பருவத்தின் இயல்பு, அது நோயன்று. கவனமின்மை, மிகையான ஓட்டம், எண்ணிப் பாராமல் செயல்படுதல் ஆகியவை 12 வயதுக்கு முன்பே தோன்றி, குறைந்தது 6 மாதங்கள் நீடித்து, வீட்டிலும் பள்ளியிலும் குழந்தையின் கல்வியையும் நட்பையும் பாதித்தால் மட்டுமே ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு இருக்கக்கூடும் எனக் கருதுகிறோம். இதனை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. பெற்றோரும் ஆசிரியரும் கூறும் விவரங்களே அடிப்படை. செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, உறக்கமின்மை, கற்றல் குறைபாடு, மனக்கவலை ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரலாம் என்பதால் அவற்றையும் ஆராய்கிறோம். 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, பெற்றோருக்கு அளிக்கப்படும் நடத்தைப் பயிற்சியே முதல் சிகிச்சை.

எவ்வாறு செயல்படுகிறது?

ஓடிக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு ஊக்க மருந்து எதற்கு என்ற ஐயம் எழுவது இயல்பே. மெதில்ஃபெனிடேட் ஊக்குவிப்பது ஓட்டத்தை அன்று. கவனத்தையும் தன்கட்டுப்பாட்டையும் ஆளும் மூளைப் பகுதிகளை. அங்கே டோபமைன், நார்எபிநெஃப்ரின் ஆகிய வேதிப்பொருள்கள் நரம்பு செல்களுக்குள் விரைவாகத் திரும்ப உறிஞ்சப்படுவதை அது தடுக்கிறது. சாதாரண மாத்திரை சுமார் 4 மணி நேரமும், நீடித்துச் செயல்படும் வகை 8 முதல் 12 மணி நேரம் வரையும் பயன் தரும். பின்னதைப் பொடித்தோ மென்றோ உட்கொள்ளலாகாது.

கவனிக்க வேண்டியவை

பசி குறைதல், உறக்கம் தாமதமாதல், தலைவலி, வயிற்றுவலி ஆகியவை பொதுவான பக்கவிளைவுகள். காலை உணவுக்குப் பின் மாத்திரை கொடுத்து, மருந்தின் வேகம் தணிந்த மாலையிலும் இரவிலும் நிறைவாக உணவளியுங்கள். உயரம், எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தொடர்ந்து அளவிட வேண்டும். எனவே மறுபரிசோதனைக்குத் தவறாமல் வாருங்கள். குழந்தைக்கு இதயநோய் இருந்தாலோ, குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ மருந்து தொடங்கும் முன்பே தெரிவியுங்கள். மயக்கம், நெஞ்சுவலி ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

மருத்துவர் குறித்த அளவில் உட்கொள்ளும் குழந்தை இம்மருந்துக்கு அடிமையாகும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆயினும் இது தவறாகப் பயன்படுத்தப்படக்கூடிய மருந்து என்பதால் பூட்டி வையுங்கள். தேர்வுக் காலத்தில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஒரு மாத்திரை கொடுத்துப் பார்ப்பது ஆபத்தானது.

இறுதியாக ஒன்று. மருந்து உட்கொண்ட குழந்தை சிரிப்பும் விளையாட்டும் மறந்து பொம்மைபோல் உட்கார்ந்திருந்தால், "அடங்கிவிட்டான்" என்று மகிழாதீர்கள். மருந்தின் அளவு அதிகமாக இருக்கலாம், எங்களிடம் கூறுங்கள். குழந்தையை அடக்குவது எங்கள் நோக்கமன்று. அவன் தொடங்கிய வேலையைத் தானே முடிக்கவும், நண்பர்களோடு இணங்கி விளையாடவும் துணைசெய்வதே நோக்கம்.